குளம் இருந்த பக்கம்

பிப்ரவரி 3, செவ்வாய்

அல்லிக்குளத் தெருவில் இன்று நான்கு மணி நேரம் நின்றேன். வேலை சொல்வதற்கு எளிது. 1908-இல் ஒருவர் எந்த இடத்தில் நின்று இந்தத் தெருவைப் படம் எடுத்தாரோ, அதே இடத்தில் அதே உயரத்தில் கேமராவை வைத்து இன்றைய தெருவை எடுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி 'அன்றும் இன்றும்' என்று கண்காட்சி. திருச்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். மொத்தம் முப்பது ஜோடி. இது பதினேழாவது.

இதில் இழுத்துவிட்டவன் அருணகிரி. கல்லூரியில் நான்கு வருடம் என் அறைக்காரன். இருவரும் படித்தது நில அளவைப் பொறியியல். நான் ட்ரோன் சர்வே கம்பெனிக்குப் போனேன். அவன் நகர நினைவு மன்றத்துக்குச் செயலாளராகப் போனான். "பழைய படத்தைக் காட்டினா எவன் வேணா கதை சொல்லுவான் மச்சான். கணக்குச் சொல்ல நீ ஒருத்தன்தான்" என்றான். புத்தக அட்டையில் என் பெயரும் வருமாம். வரட்டும்.

படத்தில் தெரு நேராகக் கிழக்கே போகிறது. கோடியில் மாதா கோயில் கோபுரம். இடது பக்கம் ஓட்டுக்கூரைக் கடைகள். வலது பக்கம் குளக்கரை, படிக்கட்டு, தண்ணீர். ஏழு ஆட்கள், ஒரு சைக்கிள். இடது ஓரத்தில் ஒரு கடையின் நெற்றியில் கறுப்பாக ஒரு கறை.

இன்று நிலைமை வேறு. குளம் இல்லை; தூர்த்துத் தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. வலது பக்கம், அதாவது தெற்கே, இருபத்திரண்டு சின்னக் கடைகள். இடது பக்கம், வடக்கே, ஐந்து மாடி ஜவுளிக்கடை. அதன் முதலாளிதான் மன்றத்துக்குத் தலைவர்.

பழையதில் மிஞ்சியது கோபுரம் மட்டும். அதுவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து இடம் பிடிப்பது எரிச்சல். கடைசியில் இரண்டடி உதைத்தது. விட்டுவிட்டேன்.

ஜவுளிக்கடை அடித்தளத்திலிருந்து தண்ணீரை இறைத்துத் தெருவில் விடுகிறார்கள். நாள் முழுக்க மோட்டார். டிரைபாட் கால் சேற்றில் நிற்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

தெற்கு வரிசையில் ஹனிபா பாய் என்று ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அறுபது வயது இருக்கலாம். கேட்காமலே ஏணி கொடுத்தார். டிரைபாடைத் தினம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்றார். டீ வேறு. நல்ல மனிதர்தான். பேச்சுதான் ஜாஸ்தி.

மாலை நிழல் கணக்குப் போட்டேன். படத்தில் நிழல்கள் கேமராவை நோக்கியும் வலது பக்கமாகவும் விழுகின்றன. வலது என்றால் தெற்கு. அப்படியானால் சூரியன் வடகிழக்கில். நிழலின் நீளத்தைப் பார்த்தால் காலை எட்டு, எட்டரை. மாதம் ஆனி அல்லது ஆடி. வேறு வழி இல்லை.

படம் ஒரு கண்ணாடித் தட்டிலிருந்து, அதாவது அந்தக் காலத்து நெகட்டிவிலிருந்து, எடுத்தது. அந்தத் தட்டின் உறையில் பென்சிலில் 'தை 12' என்று எழுதியிருப்பதாக அருணகிரி சொன்னான். எழுதியவருக்கு மாதம் குழம்பியிருக்கும். நிழல் பொய் சொல்லாது; பென்சில் சொல்லும். இதையே அவனுக்கு மெசேஜ் போட்டேன். உடனே போன் செய்து, "சூப்பர்டா, இதை எழுத்துல குடு" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

பிப்ரவரி 9, திங்கள்

மூன்று நாளாக ஸ்கூட்டர் சர்வீஸில். பஸ்ஸில் ட்ரோன் பெட்டியோடு ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் போடுகிறார்.

கண்காட்சிக்கு அருணகிரி எழுதிய விளக்கக் குறிப்புகள் வந்தன. பதினேழாவதுக்கு: 'ஆடி அமாவாசை. குளக்கரையில் தர்ப்பணம் முடித்துத் திரும்பும் அந்தணர்.' இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். படத்தில் ஒருவர் மேல்சட்டை இல்லாமல் நடக்கிறார். பூணூல் வலது தோளில் கிடக்கிறதாம். வழக்கமாக இடது தோளில்தான் இருக்குமாம். பித்ரு காரியத்துக்கு மட்டும் மாற்றிப் போடுவார்களாம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், முடிந்தால் பிரியாணி. எனக்கு இந்த நூல் விவகாரம் தெரியாது. ஆனால் என் கணக்கும் அவன் குறிப்பும் பொருந்தியது பிடித்திருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். குனிந்து பார்த்துவிட்டு சைக்கிள் தப்பாக இருக்கிறது என்றார். செயின் இந்தப் பக்கம் வராதாம். நூறு வருடத்துக்கு முந்தைய வெளிநாட்டு சைக்கிள், அப்படித்தான் இருக்கும் பாய் என்றேன். "இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சர் பார்க்கப் போய்விட்டார்.

தண்ணீர் கேன் வரவில்லை. மேன்ஷன் வாட்ச்மேனோடு சண்டை.

பிப்ரவரி 20, வெள்ளி

கண்காட்சி திறப்பு. பதினேழாவது படத்தின் முன்னால்தான் கூட்டம். பத்திரிகைக்காரர் ஒருவர் படத்தையும் தெற்குக் கடைகளையும் சேர்த்து ஏதோ கேட்டார். அருணகிரி என் தோளில் கை போட்டு, "சார்தான் எக்ஸ்பர்ட், இவர்ட்ட கேளுங்க" என்றான். நிழல், கோணம், மாதம் எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள்.

மார்ச் 2, திங்கள்

குளத்தை மீட்க வேண்டும் என்று ஒரு நீர்நிலை அமைப்பு மனுப் போட்டிருக்கிறது. குளம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். தெருவுக்கு எந்தப் பக்கம் என்பதுதான் சண்டை. பழைய நில அளவைத் தாளில் சரியாக இந்தத் தெரு இருக்கும் மடிப்பு நைந்து கிழிந்துபோயிருக்கிறதாம். ஆகவே படம்தான் சாட்சி. படம் சரி என்று தகுதியுள்ள ஒருவர் தொழில்நுட்ப அறிக்கை கொடுக்க வேண்டும்.

அருணகிரி அறிக்கையைத் தட்டச்சு செய்தே எடுத்துவந்தான். கம்பெனி வாசலில், காரில் வைத்துக் கொடுத்தான். பத்துப் பாரா, இணைப்பாக அந்த ஜோடிப் படம். பாதி என் கணக்கு, மீதி வழக்கமான வாசகம். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பக்கத்துக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

துணி துவைத்தேன். மழை.

மார்ச் 11, புதன்

பாய் கடைக்கு டிரைபாடை எடுக்கப் போனேன். ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு கடைகளுக்கும் அதே நோட்டீஸ். நீர்நிலை ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளுக்குள் காலி செய்யாவிட்டால் இடிக்கப்படும். ஆதாரங்கள் என்ற தலைப்பில் மூன்றாவதாக என் பெயர், என் படிப்பு, என் அறிக்கையின் தேதி.

பாய் நோன்பு. இருந்தும் எனக்கு டீ சொன்னார். வேண்டாம் என்றேன். வந்ததைக் குடித்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. பக்கத்து மாவு மில் அக்காதான் வெளியே வந்து, இவர் ஏணி கொடுத்து ஏற்றிவிட்டாராம், அந்தத் தம்பி மேலே ஏறி நின்று எங்களுக்கே குழி பார்த்திருக்கிறது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். பாய் அவரை உள்ளே போகச் சொன்னார். அப்புறம் என்னிடம்:

"தம்பி, நான் படிக்காதவன். உங்க கணக்கு எனக்குப் புரியாது. நாப்பத்தி மூணு வருசமா சைக்கிளுக்குச் செயின் மாட்டறேன். அந்தப் படத்துல சைக்கிள் இடப்பக்கம் பார்த்து நிக்குது, பல்சக்கரம் நம்ம பக்கம் இருக்கு. அப்புடி ஒரு சைக்கிளை ஒருத்தனும் செஞ்சது கிடையாது. வெள்ளைக்காரனும் செய்யல. அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

பார்க்கிறேன் என்று வந்துவிட்டேன். எதைப் பார்ப்பது? கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

பார்த்தேன்.

பழைய சைக்கிள் படங்கள் இருநூறாவது இருக்கும். இங்கிலாந்து, ஜெர்மனி, இந்தியா. எல்லாவற்றிலும் செயின் வலது பக்கம். சைக்கிள் வலது பக்கம் பார்த்து நின்றால்தான் பல்சக்கரம் நமக்குத் தெரியும். நம் படத்தில் மட்டும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

படத்தை இடம் வலமாகப் புரட்டினேன். சைக்கிள் சரியானது. பூணூல் இடது தோளுக்குப் போனது. நிழல் வடக்கே விழுந்தது. மறுபடி கணக்குப் போட்டேன், சூரியன் தென்கிழக்கே, தை மாதம். கேமராவின் இடம் மாறியது, இரண்டடி உதைக்கவில்லை. குளம் இடது பக்கம் போயிற்று. ஜவுளிக்கடைக்கு அடியில்.

மார்ச் 13, வெள்ளி

கம்பெனிக்கு லீவ். தில்லைநகர் போனேன். கண்ணாடித் தட்டு வைத்திருப்பவர் டாக்டர் மிருணாளினி, பல் மருத்துவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்டுடியோ வைத்திருந்தவர். நோயாளிகளோடு உட்கார்ந்து என் முறை வரக் காத்திருந்தேன்.

அவர் தட்டை எடுத்து எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியின் மேல் வைத்தார். எந்தப் பக்கம் ரசாயனப் பூச்சு, எந்தப் பக்கம் வெறும் கண்ணாடி என்று விரலால் தொடாமலே காட்டினார். பூச்சுப் பக்கம் மங்கலாக இருந்தது. "பல் எக்ஸ்ரேயிலயும் இப்படித்தாங்க. பக்கம் மாத்திப் பிடிச்சா நல்ல பல்லைப் பிடுங்கிடுவேன்" என்றார்.

சரியான பக்கம் பார்த்தால் குளம் இடப்புறம், வடக்கே. வலப்புறம் கடைகள். என் படத்தில் கறை இருந்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகை. நெகட்டிவ் ஆனாலும் வாசிக்க முடிந்தது: 'ராவுத்தர் அரிசி மண்டி.' தமிழ் எழுத்து, நேராக இருந்தது. அதைத்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். எழுத்து திரும்பியிருந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும் அல்லவா.

ஸ்கேன் செய்தவருக்குப் பக்கம் குழம்பியிருக்குமோ என்று கேட்டேன். நான் அதைத்தான் கேட்க விரும்பினேன். குழப்பம் என்றால் மன்னிக்கலாம்.

டாக்டர் இல்லை என்றார். போன டிசம்பரில் அருணகிரி இதே அறையில், அவர் முன்னாலேயே சரியாக ஸ்கேன் செய்திருக்கிறான். பெயர்ப்பலகையைச் சத்தமாகப் படித்துக்கூடக் காட்டினானாம். அந்த ஃபைலின் பிரதி டாக்டரிடம் இருந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார். "ஏன், கண்காட்சியில சரியா வரலையா?" என்றார். அவர் கண்காட்சிக்கு வரவில்லை.

மார்ச் 14, சனி

மன்ற அலுவலகம். அருணகிரி புத்தகத்தின் அட்டையைத் திருத்திக்கொண்டிருந்தான். பென்டிரைவை மேஜையில் வைத்தேன். அது என்ன என்று அவன் கேட்கவில்லை.

நான் கத்தினேன். கல்லூரியில் இவனுக்காக எத்தனை நாள் வருகைப் பதிவு போட்டேன், டைபாய்டில் கிடந்தபோது யார் கஞ்சி வாங்கிவந்தது, எல்லாம் சொன்னேன். இப்போது எழுதும்போது கேவலமாக இருக்கிறது. இடிக்கப்போவது இருபத்திரண்டு கடை. நான் பேசியது டைபாய்டு கஞ்சி.

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். தலைவர் தன் கட்டிடத்தை இழக்க மாட்டார், குளத்துக்காரர்கள் ஏதாவது ஒரு பக்கத்தை இடிக்காமல் விடமாட்டார்கள், அந்தக் கடைகள் எப்படியும் இன்றைக்கோ நாளைக்கோ போகிற கடைகள் என்று நிதானமாகச் சொன்னான். நான் புகார் கொடுப்பேன் என்றேன்.

"குடு. நான் படம்தான்டா குடுத்தேன். ஆடி மாசம்னு கண்டுபிடிச்சவன் நீ. நான் உறையில தைனு எழுதியிருக்குன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

சொன்னான்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நீ ஒரு நாள் தில்லைநகர் போய்த் தட்டைப் பார்த்துட்டு வந்து என் சட்டையைப் பிடிப்பேன்னு நினைச்சேன். ஒரு மாசம் தூக்கம் இல்ல மச்சான். நீ போகவே இல்ல. கையெழுத்துப் போடறப்பவாவது படிப்பேன்னு பார்த்தேன். நாலாவது பாராவைப் படிச்சியா நீ?"

அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். கையிலேயே இருந்தது. ஊரில் ஆயிரம் எஞ்சினியர் இருக்கிறான். என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் நட்பு என்று நினைத்திருந்தேன். நான் எதையும் இரண்டாவது தடவை பார்க்க மாட்டேன் என்று நாலு வருடம் ஒரே அறையில் இருந்து தெரிந்துகொண்டு வந்திருக்கிறான்.

மார்ச் 16, திங்கள்

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக மனு எழுதினேன். கடைக்காரர்களின் வக்கீல் திருமதி அங்கயற்கண்ணி படித்துப் பார்த்தார். அருணகிரி ஏமாற்றினான் என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஒரு இடம் போதும் என்றார். மீதி ஆறையும் அடித்தார். விசாரணை பெருநாள் முடிந்து, கோட்டாட்சியர் முன்னால். அதுவரை இடிக்கக் கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வக்கீல் கேட்டார், வேறு ஏதாவது இருக்கிறதா, அங்கே போய்த் திடீரென்று எதுவும் வந்துவிடக் கூடாது என்று. இல்லை என்றேன்.

மார்ச் 18, புதன்

கம்பெனியில் தெரிந்துவிட்டது. விசாரணை முடியும்வரை களப்பணி வேண்டாம், ஆபீஸில் உட்கார்ந்து ஃபைல் பார் என்றார் மேனேஜர். ஏசி நேராக என் தலையில் அடிக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

விசாரணை. கோட்டாட்சியர் ஒரு பெண். எனக்கு முன்னால் டாக்டர் மிருணாளினி தட்டோடு வந்து, விளக்குப் பெட்டியையும் கொண்டுவந்து, ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டு க்ளினிக்குக்குத் திரும்பிவிட்டார். எல்லோரும் எழுந்து வந்து குனிந்து பலகையைப் படித்தார்கள். படித்ததும் பின்வரிசையில் யாரோ அழும் சத்தம். மாவு மில் அக்கா.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சைக்கிள், நிழல், இரண்டடி எல்லாம் சொன்னேன். நண்பன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னேன். மன்றத்தின் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தாத ஆள். என் அறிக்கையின் நாலாவது பாராவை என்னையே வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். 'மேற்படி புகைப்படத்தின் மூலக் கண்ணாடித் தட்டை நான் நேரில் பரிசோதித்து, அச்சுப்பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.'

"எந்தத் தேதியில சார் பரிசோதிச்சீங்க?"

கோட்டாட்சியர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

பரிசோதிக்கவில்லை என்றேன்.

"அப்ப இது?"

"பொய்."

"உங்க நண்பர் எழுதின பொய்யா, நீங்க கையெழுத்துப் போட்ட பொய்யா?"

அன்று காரில் உட்கார்ந்து அந்தப் பாராவைப் படித்தேன். இதுவரை இங்கே எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். படித்தேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று இருக்கிறதே என்று தோன்றியது. லாரி ஹாரன் அடித்தது. தில்லைநகர் போய்வர அரை நாள் ஆகும். போட்டேன். இதையும் அங்கே சொன்னேன். லாரியைத் தவிர.

நோட்டீஸ் நிறுத்திவைக்கப்பட்டது. தெருவின் இரண்டு பக்கமும் மண் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். என் பெயரை உரிய நடவடிக்கைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் கோட்டாட்சியர். தவறான ஜோடிப் படத்தைத் தாக்கல் செய்தவரே சரியான ஜோடியையும் எடுத்துத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது அவருடைய உத்தரவின் கடைசி வரி.

அருணகிரி கடைசி பெஞ்சில் இருந்தான். வெளியே வரும்போது எனக்கு வழிவிட்டு ஒதுங்கினான். அவன் முகத்தில் இருந்தது வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. கல்லூரி அறையைக் காலி செய்த அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினானே, அதே முகம்.

ஹனிபா பாய் படிக்கட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் மன்னித்துவிடுங்கள் என்றேன். கடை தப்பித்ததில் சந்தோஷமா என்றும் கேட்டுத் தொலைத்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"அவன் உங்களுக்குச் சேக்காளி, உங்களை ஏமாத்திப்புட்டான். சரி. நீங்க என் கடையில ஒரு மாசம் உக்காந்திருந்தீங்களே தம்பி. என்னைய எதுல சேர்த்து வச்சிருந்தீங்க?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மார்ச் 28, சனி

காலை ஏழே முக்காலுக்கு அல்லிக்குளத் தெரு. சரியான இடம் தெருவின் மறு ஓரம், ஜவுளிக்கடையின் வாகன நிறுத்தத்தை ஒட்டி. ஏணியை மேன்ஷனிலிருந்து நானே கொண்டுவந்தேன். செக்யூரிட்டி வந்து நிற்கக் கூடாது என்றார். உத்தரவின் நகலைக் காட்டினேன்.

கோபுரம் பொருந்தியது. உதைக்கவே இல்லை. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஒன்றே வந்தது. பிறகு நான்காவது முறை அளந்தேன்.

எதிர்வரிசைக் கடைகள் எல்லாம் திறந்திருந்தன. பாய் வாசலில் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் லென்ஸைத் திருப்பியதும் எழுந்தார். தெருவைக் கடந்து வந்தார். பக்கத்தில் வராமல், நடுத்தெருவில் நின்றே பேசினார்.

"கடை படத்துல வரணும்ல?"

"வரணும் பாய். கேஸுக்கு."

"கடையை எடுத்துக்குங்க. நான் வேணாம்."

திரும்பிப் போனார். வரிசையில் யாரிடமோ ஏதோ சொன்னார். டெய்லர் மெஷினை விட்டு எழுந்தார். மாவு மில் அக்கா கூடையை உள்ளே இழுத்துக்கொண்டார். மாவு அரைக்க வந்திருந்த இரண்டு பெண்களும் அவரோடு உள்ளே போனார்கள். ஒவ்வொருவராக எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். பாய் சுழலவிட்ட சக்கரம் மட்டும் ஸ்டாண்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்தேன்.

இருபத்திரண்டு கடைகள். ஒரு ஆள்கூட இல்லை. எடுத்தேன்.